நுனி பிளந்த முடியை வெட்டாமலே இடுப்பு வரை வளர்க்க முடியுமா?

தோளைத் தாண்டி முடி வளரவே மாட்டேங்குது, நுனியெல்லாம் பிளந்து கிடக்குது, வெட்டாமல் சரிசெய்ய வழி உண்டா என்பதுதானே கேள்வி?

பிளந்த நுனி ஒட்டாது. சீரம் தடவினால் ஒட்டியது போலத் தெரிவது அதிலுள்ள சிலிகான் படலத்தால்; அது கழுவிப் போனதும் பழைய கதைதான். முட்டை, தயிர், வெந்தயம் எதுவும் அதைச் சேர்த்து வைக்காது. வெட்டத்தான் வேண்டும். ஆனால் கொஞ்சமாக வெட்டினால் போதும். வெட்டினால் வேகமாக வளரும் என்பதும் உண்மையில்லை. முடி வளர்வது தலைத்தோலுக்குள் இருக்கும் வேரில். நுனியில் கத்தரி பட்டது அதற்குத் தெரியாது.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 செ.மீ. வளரும். அப்படியானால் 60 செ.மீ. நீள முடியின் நுனிக்கு வயது நான்கைந்து வருஷம். அத்தனை காலச் சீப்பும் ஷாம்பும் வெயிலும் அதன் மேல் பட்டிருக்கின்றன. முடியின் மேற்புறத்தில் ஓடு வேய்ந்த மாதிரி மெல்லிய செதில்கள் பல அடுக்காக இருக்கும். உரசி உரசி அவை தேய்ந்து போனால் உள்ளே இருக்கும் இழைகள் பிரிய ஆரம்பிக்கும். அதுதான் பிளவு. ‘வளரவே மாட்டேங்குது’ என்பவர்களில் பலருக்கும் வளர்கிற அளவுக்கு நுனியில் உடைந்து போகிறது, அவ்வளவுதான். நரைக்கு டை அடிப்பவர்களைக் கேளுங்கள், மாதத்துக்குள் வேரில் வெள்ளை எட்டிப் பார்த்துவிடும். வேர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது வெட்டும் கணக்கு. பார்லரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு இன்ச் வெட்டினால், அந்த இரண்டு மாதத்தில் வளர்ந்தது அத்தனையும் தரையில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1 செ.மீ. மட்டும் எடுத்தால் வருஷத்துக்கு 8 முதல் 11 செ.மீ. வரை கையில் நிற்கும். ‘ஒரு சென்டிமீட்டர்’ என்று வாயால் சொல்லாதீர்கள், விரலை வைத்துக் காட்டுங்கள். ஏற்கெனவே நுனி எலிவால் மாதிரி மெலிந்து, பிளவு இரண்டு இன்ச் மேலே வரை ஏறியிருந்தால் மட்டும் முதல் தடவை மனதைத் தேற்றிக்கொண்டு அந்த இரண்டு இன்ச்சையும் எடுத்துவிடுவது நல்லது. விட்டால் பிளவு இன்னும் மேலே ஏறும்.

இடைப்பட்ட மாதங்களில் வீட்டிலேயே பிளந்த முடிகளை மட்டும் பொறுக்கி வெட்டலாம். முடி சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். விரல் தடிமன் முடியை எடுத்து முறுக்கினால் குட்டையான நுனிகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். கவட்டை போல இரண்டாகப் பிரிந்தது, இறகு போலப் பலவாகப் பிரிந்தது, நடுவில் பொட்டு வைத்தாற்போல வெள்ளைப் புள்ளி உள்ளது என்று மூன்று வகை கண்ணில் படும். வெள்ளைப் புள்ளி என்பது முடி நசுங்கி உடையத் தயாராக இருக்கும் இடம். எதுவானாலும் கெட்டுப்போன இடத்துக்கு அரை செ.மீ. மேலே வெட்டுங்கள். முடி வெட்டும் கூர்மையான கத்தரிதான் வேண்டும். பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரி நுனியை நசுக்கிவிடும், அது சீக்கிரமே மறுபடி பிளக்கும். பிளவைக் கையால் இழுத்துக் கிழிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

சேதத்தில் நிறைய ஈரத்தில் நடக்கிறது. தண்ணீரில் முடி ஊதி, அதிகமாக இழுபட்டு, எளிதில் அறும். தேங்காய்ப்பூ துண்டால் பரபரவென்று தேய்ப்பதும், தலையைக் குனிந்து துண்டால் அடித்துத் தட்டுவதும் நுனிக்கு எமன். பழைய காட்டன் வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். அகலப் பல் சீப்பால் முதலில் நுனிச் சிக்கு, பிறகு ஒரு சாண் மேலே, கடைசியில் உச்சி என்று கீழிருந்து மேலே போங்கள். நேர்முடி என்றால் முக்கால்வாசி காய்ந்த பிறகு சீவலாம். சுருட்டை முடிக்கு இது தலைகீழ்: கண்டிஷனர் போட்டு ஈரமாக இருக்கும்போதே சிக்கு எடுக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு முன் வையுங்கள். ஒரு டீஸ்பூன் எடுத்து, தலையில் அல்ல, முடியின் கீழ்ப்பாதியில் தடவிக் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் இறங்குவதால் தண்ணீரில் ஊதுவதும் புரதம் கரைந்து போவதும் குறையும். தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்ட 2003ஆம் ஆண்டு ஆய்வில் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் சொன்ன காரணம் பொய்யாகிவிடாது.

ஷாம்பு தலைத்தோலுக்கு, நுரை வழிந்து போவதே நுனிக்குப் போதும். கண்டிஷனர் காதுக்குக் கீழே, இரண்டு மூன்று நிமிஷம். சீயக்காய் போடுபவர்கள் தூளை அப்படியே தேய்க்காமல் வெந்நீரில் ஊறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டிய தண்ணீரை ஊற்றுங்கள். கரகரப்புத் தூள் முடியைச் சுரண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், அந்த உப்பு படிந்து முடி நாராகத் தெரியும். கடைசி ஒரு மக் மட்டும் வேறு நல்ல தண்ணீரில் அலசினாலே கையில் வித்தியாசம் தெரியும்.

டிரையரை 15 செ.மீ. தள்ளி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே பிடியுங்கள். ஸ்ட்ரெய்ட்னரை ஈர முடியில் வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழ் விட்டு முடியை உள்ளிருந்தே உடைக்கும். ‘சுர்’ சத்தம் அதுதான். ரீபாண்டிங் (ரசாயனம் போட்டு முடியை நேராக்குவது) செய்துவிட்டு வளர்ப்பவர்களுக்குப் புது முடியும் பழைய முடியும் சேரும் இடம்தான் பலவீனமான இடம். அந்த இடத்தில் இறுக்கிக் குதிரைவால் போட்டால் கொத்தாக முறியும். தளர்வான பின்னலே நல்லது. மறுபடி ரீபாண்டிங் செய்து ‘சரிசெய்ய’ நினைப்பது இருப்பதையும் இழக்கிற வழி.

பணம் கட்டும் ரப்பர் பேண்ட் வேண்டாம், துணி சுற்றியது போடுங்கள். முனையில் உருண்டை கழன்ற ஹேர்பின்னைத் தூக்கிப் போடுங்கள். ஸ்கூட்டியில் போகும்போது பின்னலை முதுகில் பறக்கவிடாமல் துப்பட்டாவுக்குள்ளோ சட்டைக்குள்ளோ விடுங்கள். இரவில் தளரப் பின்னிக்கொண்டு படுங்கள்.

இத்தனையும் உடைகிற முடிக்கு. சீப்பில் வரும் முடியை ஒருநாள் உற்றுப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. துண்டு துண்டாக, குமிழ் இல்லாமல் இருந்தால் உடைந்தது. தினம் சில பத்து முடி வேரோடு உதிர்வது இயல்பு. கொத்தாக வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். இரும்புச்சத்தும் தைராய்டும் சோதிக்கச் சொல்வார். அதற்கு எண்ணெயும் கத்தரியும் உதவாது.