ராத்திரிப் புகைக்குப் பகல் அறிக்கையா?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டி ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கும் ஆலை இருக்கிறது. ஐந்து மாதமாக ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கரும்புகை. விடிந்து பார்த்தால் மாடித் தண்ணீர்த் தொட்டி மூடியில் கரித்தூள். புகார் கொடுத்தோம். ‘எல்லாம் வரம்புக்குள்தான்’ என்று ஆய்வக அறிக்கை நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுப்பிவிட்டது. இனி என்ன செய்வது?

பதில்: அந்த நகலை இரண்டு முறை வாசித்தேன். மாதிரி எடுத்தது காலை 11.20-க்கு, அரை மணி நேரம். தூசு, நைட்ரஜன் ஆக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு மூன்றும் சரி. அந்த அரை மணி நேரத்துக்கு அது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் புகார் ராத்திரியைப் பற்றியது. அதற்கு இதில் பதிலே இல்லை.

டயாக்சின் வரியில் வெறும் கோடு போட்டிருக்கிறார்கள். அதுதான் என்னை உறுத்துகிறது. உடம்புக் கொழுப்பில் தங்கினால் வருடக்கணக்கில் போகாத நஞ்சு அது. 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மற்றவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் டயாக்சினை வருடத்துக்கு ஒருமுறையும் சோதித்தே ஆக வேண்டும். வரம்பு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம், மாதிரி எடுக்கவே எட்டு மணி நேரம் ஆகும். கடைசியாக என்றைக்கு எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் வெப்பநிலைப் பதிவு. உலையின் இரண்டாவது அறை 1050 டிகிரியில், 50 கூடக்குறைய, இருக்க வேண்டும். புகை அங்கே இரண்டு நொடியாவது தங்க வேண்டும். சூடு ஏறும் முன்பே, எரிக்க வேண்டிய கழிவு அடைத்த மஞ்சள் பைகளை உள்ளே தள்ளினால் கரும்புகைதான் வரும். புகைபோக்கி அளவுகள் தொடர் கண்காணிப்புக் கருவி வழியாக அப்போதைக்கப்போது வாரியத்தின் சர்வருக்குப் போக வேண்டும் என்பதும் விதி. அதனால் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமை மனு போடுங்கள். ‘எல்லா விவரமும் வேண்டும்’ என்று எழுதாதீர்கள். புகை வந்த தேதியையும் மணியையும் குறிப்பிட்டு, அந்த ராத்திரிகளின் பதிவை மட்டும் கேளுங்கள். குறித்து வைக்கவில்லையென்றால் இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, மணி, காற்றடித்த பக்கம்.

தகவல் மனுவுக்குப் பதில் வர 30 நாள் ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கவே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, பிரச்சினை முதலில் தோன்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். உங்களுக்கு ஏற்கெனவே ஐந்து மாதம் போய்விட்டது. கையில் இருக்கும் படங்கள், புகார் நகல், இந்த அறிக்கை ஆகியவற்றோடு சென்னையிலுள்ள அதன் தென் மண்டல அமர்வில் மனுவைப் போட்டுவிடுங்கள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். பல துறை அதிகாரிகள் சேர்ந்த கூட்டுக் குழு ஒன்றை, ஆலைக்கு முன்கூட்டிச் சொல்லாமல், ராத்திரியில் ஆய்வுக்கு அனுப்பும்படி அந்த மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.