அவசரப் பொத்தான்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிம்மக்கல்லில் தனியாக இருக்கும் எங்கள் அத்தைக்கு வயது 78. கழுத்தில் மாட்டியிருக்கும் பொத்தானை அழுத்தினால் லேண்ட்லைன் வழியாக எங்களுக்கு போன் வரும். ஃபைபர் இணைப்புக்கு மாறியதிலிருந்து, கரண்ட் போனால் அது வேலை செய்வதில்லை. புதிதாக வாங்க வேண்டுமா?
– வாசகி, ஆனையூர்

பதில்: உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செம்புக் கம்பி இணைப்பில் போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஃபைபர் மோடத்துக்கோ வீட்டுக் கரண்ட்தான். அது அணைந்தால் டயல் டோனும் போய்விடும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் மோடத்துக்கான மினி யூபிஎஸ் கிடைக்கும். மோடத்தின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் (பெரும்பாலும் 12) அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பொத்தானை அழுத்தியதும் போன் போடும் அலாரப் பெட்டியின் ஒயரைப் பழைய சுவர் சாக்கெட்டில் விட்டுவிடாமல், மோடத்தின் பின்னால் உள்ள போன் துளையில் செருகுங்கள். பெட்டிக்குள்ளும் ஒரு பேட்டரி உண்டு. சில வருடங்களில் அது சார்ஜ் நிற்காமல் போய்விடும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அழுத்திப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

பெட்டியே பழுது என்றால் சிம் போடும் வகைக்கு மாறுங்கள். 4ஜி நெட்வொர்க்கிலேயே குரல் அழைப்பு போகுமா என்று கேட்டு வாங்குங்கள். 2ஜி மட்டும் உள்ள கருவியில் ஜியோ சிம் போட்டால் அழைப்பே போகாது, ஏனென்றால் ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அந்தக் காலத்துத் தடிச்சுவர் வீடுகளில் குளியலறைக்குள் சிக்னல் குறைந்துவிடும். அதே சிம்மை ஒரு போனில் போட்டு, அங்கே நின்று பேசிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கருவி ஊமையாவதற்கு ஒரு காரணம் ரீசார்ஜ் தீர்ந்துபோவது. வருடாந்திர பிளானே போட்டுவிடுங்கள்.

கருவி அழைக்கும் முதல் எண் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். ஆனையூரிலிருந்து நீங்கள் வந்து சேர்வதற்குள் அவர் கதவருகே நிற்பார். எல்லோர் போனிலும் கருவியின் எண்ணைச் சேமித்து, இரவில் சைலன்ட்டில் இருந்தாலும் அந்த எண் மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள். 108-ஐ இதில் பதிய வேண்டாம். அவர்கள் கேட்கும் கேள்விக்குக் கருவியில் பதிவு செய்த குரல் பதில் சொல்லாது. வந்து பார்ப்பவர் கூப்பிடட்டும்.

இதையெல்லாம் செய்துவிட்டு, அத்தை ராத்திரி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் யாரும் உள்ளே போக முடியாது. வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கும் பூட்டு வைத்து, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாம். விழுந்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் தசை நசிந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம்.

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் கிராமத்தில் தாத்தா முதியோர் உதவித்தொகையில் இருக்கிறார். இந்தக் கருவிக்கு அரசு உதவி உண்டா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அலாரத்துக்கென்று நேரடித் திட்டம் இல்லை. 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை அலிம்கோ நிறுவனம் முகாம்களில் இலவசமாகத் தருகிறது. 60 வயது முடிந்து, வறுமைக்கோட்டுக்குக் கீழேயோ மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள்ளோ இருக்க வேண்டும். முகாம் எப்போது என்பதைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்துக் கேளுங்கள். வாக்கருக்கு ஆகும் காசு மிச்சமானால் அதை அலாரத்துக்குத் திருப்பலாம்.

அதுவரைக்கும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒயர்லெஸ் காலிங் பெல்லே போதும். ரிமோட்டைத் தாத்தாவின் அரைஞாண் கயிற்றில் கட்டி, மணியை அடுத்த வீட்டில் வையுங்கள். பிளக்கில் செருகும் மணி கரண்ட் போனால் அடிக்காது, பேட்டரி போடும் மணியாக வாங்குங்கள். தகரக் கதவும் தகரக் கூரையும் அலையை மறிக்கும் என்பதால் கொல்லைப்புறம், கழிப்பறை இரண்டிலிருந்தும் அழுத்திப் பாருங்கள்.

முதியோர் உதவி எண் 14567 இலவசம்தான், ஆனால் காலை 8 முதல் இரவு 8 வரைதான். பென்ஷன், சட்ட விவரம் கேட்க நல்லது. விழுந்தவரைத் தூக்க அல்ல.

கேள்வி: லண்டனில் இருக்கும் மகன் அங்கே வாங்கிய அலாரத்தை அனுப்புகிறேன் என்கிறான். மேலூரில் வேலை செய்யுமா?
– வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கத்திய பொத்தான்கள் பெட்டியோடு 869 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் பேசுகின்றன. இந்தியாவில் உரிமமின்றி அனுமதிப்பது 865 முதல் 868 வரை. பெட்டியும் பெரும்பாலும் அந்த நாட்டுக் கண்காணிப்பு மையத்தையே அழைக்கும்படி அமைத்திருப்பார்கள். அந்தப் பணத்தை அனுப்பச் சொல்லி, மதுரையிலேயே வாங்குங்கள். பேட்டரி மாற்றவாவது ஆள் கிடைப்பார்.