ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா சோதனைகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், ட்யூப் கோயாகுலேஸ் (பாக்டீரியா கோயாகுலேஸ் நொதியால் பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டேன். சாயங்காலம் கட்டியிருந்த பிளாஸ்மா காலையில் தண்ணியாகிவிட்டது. நெகட்டிவ் என்று எழுதவா?

பதில்: வேண்டாம், அது பாசிட்டிவ். சில ஸ்ட்ரெயின்கள் (இதே பாக்டீரியாவின் உள்வகைகள்) ஸ்டாஃபைலோகைனேஸ் என்ற நொதியையும் சுரக்கும். உறைந்த கட்டியின் இழையான ஃபைப்ரினை அது கரைத்துவிடும். அதனால்தான் முதல் 4 மணி நேரமும் மணிக்கொரு முறை பார்க்கச் சொல்வது. 0.5 மி.லி. முயல் பிளாஸ்மாவில் இரண்டு மூன்று காலனியைக் கரைத்து 37 டிகிரியில் வையுங்கள். பார்க்கும்போது ட்யூபை மெல்லச் சாய்த்தால் போதும். குலுக்கினால் கட்டத் தொடங்கிய இழை அறுந்துவிடும், பிறகு சேராது. முழுவதும் இறுக வேண்டும் என்பதில்லை. அடியில் சின்னக் கட்டி ஒன்று நகர்ந்தாலும் பாசிட்டிவ்தான். 4 மணி நேரத்திலும் கட்டாததை மட்டும் அறை வெப்பத்தில் விட்டு, 24 மணி நேரத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: சிட்ரேட் பிளாஸ்மா போதாதா?

பதில்: இடிடிஏ பிளாஸ்மாவே வாங்குங்கள். சிட்ரேட், இடிடிஏ இரண்டுமே கால்சியத்தைப் பிடித்துவைத்து ரத்தம் உறையாமல் தடுப்பவை. ஆனால் சிட்ரேட்டைத் தின்னும் என்டரோகாக்கஸ் என்ற வேறு பாக்டீரியா கலந்திருந்தால் கால்சியம் விடுபட்டு, கோயாகுலேஸ் இல்லாமலே உறைந்துவிடும்.

கேள்வி: பயோஃபிலிம் (பாக்டீரியா ஒட்டி உருவாக்கும் படலம்) சோதனையில் ஒரே ஸ்ட்ரெயினுக்கு பிளேட்டின் ஒவ்வொரு குழியிலும் வேறு வேறு ரீடிங் வருகிறதே, மேடம்?

பதில்: பெரும்பாலும் கழுவுவதில்தான் கோளாறு. பிபிஎஸ்ஸை (கழுவும் உப்புக் கரைசல்) குழியின் சுவரோரமாக விடுங்கள். நேரே அடியில் பீய்ச்சினால் படலம் பெயர்ந்துவிடும். மூன்று முறை கழுவி, உலர்த்தி, 0.1 சதவீத கிரிஸ்டல் வயலட் சாயம் 15 நிமிடம். அடுத்தது ஓரக் குழிகள்: 24 மணி நேரத்தில் அவற்றில் மீடியம் வற்றும். அங்கே மாதிரி போடாமல் ஸ்டெரைல் தண்ணீர் நிரப்புங்கள். டிஎஸ்பி வளர்ப்பு மீடியத்தில் 1 சதவீதம் குளுக்கோஸ் சேர்த்தீர்களா? அது இல்லாவிட்டால் பல ஸ்ட்ரெயின்கள் ஒட்டவே ஒட்டாது.

கேள்வி: பிசிஆரில் (ஒரு ஜீனைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) பிவிஎல் என்ற நச்சின் ஜீனுக்கு 433 பேஸ் பேர் நீள பேண்ட் தெளிவாக வந்தது. வீரியமான ஸ்ட்ரெயின் என்று எழுதலாமா?

பதில்: "ஜீன் இருக்கிறது" என்று மட்டும் எழுதுங்கள். அந்த ஸ்ட்ரெயின் நச்சைச் சுரக்கிறதா என்பதை பிசிஆர் சொல்லாது. அதற்குப் புரதத்தையே தேட வேண்டும். அந்த ஜீன்தான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல இன்னும் தூரம் போக வேண்டும். நுண்ணுயிரியலாளர் ஸ்டான்லி ஃபால்கோ 1988-இல் வகுத்த விதிப்படி, ஜீனை முடக்கினால் வீரியம் குறைய வேண்டும், திருப்பி வைத்தால் மீள வேண்டும். எந்த விலங்கில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். பிவிஎல் மனித, முயல் நியூட்ரோஃபில்களை (ஒருவகை வெள்ளை அணுக்கள்) கொல்லும். எலியின் நியூட்ரோஃபில்களில் அவ்வளவாக வேலை செய்யாது. எலியில் வித்தியாசம் தெரியவில்லை என்பதற்காக இந்த நச்சை ஒதுக்கிவிடாதீர்கள்.