சுண்ணாம்புச் சத்து எலும்புக்கா, கிழங்குக்கா?

கேள்வி: தளி பக்கம் ஒன்றரை ஏக்கரில் உருளைக்கிழங்கு போடுகிறோம். தென் அமெரிக்கக் காட்டு உருளையில் சுண்ணாம்புச் சத்து அதிகமாம், பேரன் படித்துச் சொன்னான். அந்த விதைக்கிழங்கை வாங்கிப் போட்டால் நல்ல விலைக்குப் போகுமா ஐயா?
– ஒரு வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: பேரன் சொன்னது சரிதான் அம்மா. விலைக்குத்தான் போகாது. காட்டு உருளை பெரும்பாலும் கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். பல இனங்களில் கசப்பும் நஞ்சும் சேர்ந்தே இருக்கும். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்காரர்கள் கசப்பு உருளையை ராத்திரிப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, காயவைத்துத்தான் தின்கிறார்கள். அதற்கு சுன்யோ என்று பெயர். வெளிநாட்டு விதைக்கிழங்கை அனுமதியில்லாமல் கொண்டுவரவும் முடியாது.

எலும்புக்காக என்றால் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் உருளையில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம் அளவில்தான். அதே எடை கேழ்வரகில் 350ஐ ஒட்டி வரும். அடுப்பில் களி இருக்க, பெரு நாட்டுக்கு எதற்குப் போக வேண்டும்?

அந்தச் சுண்ணாம்பு உண்மையில் கிழங்குக்குத்தான் வேண்டும். ஒருமுறை கெலமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் கிழங்கை அறுத்துப் பார்த்தேன். வெளியே பளபளவென்று இருந்தது, நடுவிலே பழுப்புத் திட்டு. உரக்கடைக்காரர் ஏதோ பூச்சி என்று மருந்து விற்றிருந்தார். பூச்சியே இல்லை, சுண்ணாம்புச் சத்துக் குறைவு! சுண்ணாம்பு, வேர் உறிஞ்சும் தண்ணீரோடு போகும். தண்ணீர் ஆவியாகிற இலைப் பக்கம்தான் ஓடும். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்து ஆவியாகிறது கொஞ்சம்தான், அதனால் அதன் பங்கும் கொஞ்சம்தான். அது குறைந்தால் கிழங்கின் திசு பலவீனமாகி, மூட்டையில் அழுகலும் எளிதில் பிடிக்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 'சொலானம் மைக்ரோடோன்டம்' என்ற காட்டு இனத்தை ஆராய்ந்தபோது, அதன் கிழங்கு சுண்ணாம்பை அதிகம் சேர்த்துக்கொள்வது தெரிந்தது. அது பரம்பரைக் குணம். கலப்பு செய்து அந்தக் குணத்தை நாம் சாப்பிடும் உருளைக்குக் கொண்டுவரலாமா என்று பார்க்கிறார்கள். காட்டு இனங்கள் 100க்கு மேல் இருப்பதால் தேடவும் நிறைய இருக்கிறது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இது. கிழங்கை ஒட்டியும், அதைச் செடியோடு சேர்க்கும் மண்ணடிக் கொடியிலும் மெல்லிய வேர்கள் இருக்கும், கிழங்குக்குச் சுண்ணாம்பு தருவது அவைதான். மண் பரிசோதனையில் குறைவு என்று வந்தால், செடி கிழங்கு விடும் சமயத்தில் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சத்தை, செடி நிற்கும் பார் மேட்டிலேயே தூவி மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். இலைமேல் தெளித்தால் இலைக்குத்தான் போகும்.