டைமண்டை ரூபாயில் எண்ணுங்கள்: கேள்வி பதில்

மொபைல் கேம் வடிவமைப்பில் ஆறு வருஷம் இருந்தேன். டைமண்ட், ஜெம் என்ற கேம் காசை நிஜ ரூபாய்க்கு விற்கும், கேமுக்குள் இருக்கும் கடையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

கே: காசு போட்டால் விளையாட்டின் ருசி குறையுமா அண்ணா?

ப: எதை வாங்குகிறாய் என்பதைப் பொறுத்தது தம்பி. ஃபோர்ட்நைட்டில் வாங்கும் உடையால் குண்டின் வேகம் கூடாது. தோற்றவன் தன் கையைத்தான் நொந்துகொள்ள வேண்டும். கேண்டி கிரஷ் வேறு ஜாதி. ஐந்து உயிரும் போய்விட்டால் ஒன்று திரும்பி வர அரை மணி நேரம். எரிச்சலை உண்டாக்குவதும் அவர்கள்தான், மருந்து விற்பதும் அவர்கள்தான். நான் இருந்த ஆபீஸில், பன்னிரண்டாவது கட்டத்தில் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். “தொடாதே, பூஸ்டர் விற்பதே அங்கேதான்” என்று பதில் வந்தது. பூஸ்டர் என்றால் கட்டத்தைத் தாண்ட உதவும் பொருள். காசு கொடுத்து அதைத் தாண்டியவனுக்கு ஜெயித்த சந்தோஷம் எங்கிருந்து வரும்? தொல்லை விட்டது என்று இருக்கும், அவ்வளவுதான்.

கே: ஃப்ரீ ஃபயர் கேமின் டைமண்டைப் பாதி விலைக்குத் தரும் சைட்டை நம்பலாமா?

ப: கூடாது. பணத்தோடு அக்கவுண்டும் போகும்.

கே: கென்ஷின் இம்பாக்ட் கேமில் பிடித்த கேரக்டர் கிடைக்க, குலுக்கல் சீட்டு மாதிரி எத்தனை முறை இழுக்க வேண்டும்?

ப: 90 இழுப்புக்குள் ஐந்து நட்சத்திரக் கேரக்டர், அதாவது உயர்ந்த ரகம், ஒன்று நிச்சயம். அது நீங்கள் கேட்ட ஆள் இல்லையென்றால், அடுத்த ஐந்து நட்சத்திரம் அவரேதான். ஆக, கெட்ட நேரம் என்றால் 180. இழுப்புக்கு அந்தக் கேமின் காசான பிரைமோஜெம் 160, மொத்தம் 28,800. கேம் காசுக்கு ஜெம், டைமண்ட், யூசி (பப்ஜியில்) என்று பெயர் வைப்பதே ரூபாய் கண்ணில் படாமல் இருக்கத்தான். வாங்கும் முன் ரூபாயாக்கித் தாளில் எழுதுங்கள்.

கே: யாரும் கட்டாயப்படுத்தவில்லையே சார்? பிடிக்காவிட்டால் வாங்காமல் விளையாடுங்கள்.

ப: கட்டாயம் என்று சொல்லாமலே நெருக்கலாம். 2017-ல் ஈஏ நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 வந்தது. முழு விலை கொடுத்து வாங்கும் கேம். அதில் டார்த் வேடர் என்ற பிரபல வில்லனாக விளையாட, முதலில் 60,000 கிரெடிட் (கேம் புள்ளி) வைத்தார்கள். ஒருவர் கணக்குப் போட்டார், சுமார் 40 மணி நேர உழைப்பு. ஈஏ, ரெடிட் என்ற இணைய அரட்டை மேடையில் சொன்ன சமாதானத்துக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் எதிர் வாக்கு விழுந்தது. விலையை 15,000 ஆக்கினார்கள், வெளியீட்டுக்குச் சற்று முன் உள்கடையையும் மூடினார்கள். மறு வருஷம் பெல்ஜியம், காசுக்கு விற்கும் லூட் பாக்ஸே, அதாவது உள்ளே என்ன என்று தெரியாமல் வாங்கும் பெட்டியே, சூதாட்டம் என்றது.

கே: (அதே நண்பர்) கேரமில் நல்ல ஸ்ட்ரைக்கர் வாங்குவது மட்டும் சரியா?

ப: ஸ்ட்ரைக்கரைக் கையில் உருட்டிப் பார்த்து வாங்குகிறோம். உள்ளே ஸ்ட்ரைக்கரா வெறும் காயா என்று தெரியாமல் பத்து மூடிய டப்பா வாங்குவீர்களா?

கே: மகன் என் போனில் 4,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டான்.

ப: 48 மணி நேரத்துக்குள் ப்ளே ஸ்டோரில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் அம்மா. ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். கார்டு விவரத்தைப் போனில் வைக்காதீர்கள்.

கே: டைமண்ட் எங்கே சீப்?

ப: மேலே படியுங்கள்.

கே: (கேரம் நண்பர்) என் ஸ்ட்ரைக்கர் 900 ரூபாய் சார்!

ப: ரூபாயில் சொன்னீர்களே, அதற்கே நன்றி. போட்டோ போடுங்கள்.