மறைக்க எதுவும் இல்லாதவருக்குத் தனியுரிமை மென்பொருள் எதற்கு?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: "இரண்டு மாதம் சிக்னல் செய்திச் செயலி, ஃபயர்பாக்ஸ் உலாவி என்று பயன்படுத்திப் பார்த்தேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். என்னிடம் மறைக்க எதுவும் இல்லை. இந்த மெனக்கெடல் தேவையா?"

தேவைதான். உங்களுக்கும் ஒரே ஒரு மின்னஞ்சல் கணக்குதான் இருக்கும் என்று நினைக்கிறேன். படங்கள், ஆவணங்கள், தொடர்பு எண்கள், மற்ற தளங்களின் கடவுச்சொற்கள் எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும். அந்தக் கணக்கு உங்களுடையது என்றும் நம்பிக்கொண்டிருப்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன்.

கட்டற்ற மென்பொருள்களை, அதாவது மூலநிரலை யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்களைத் தமிழில் மொழிபெயர்க்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. சம்பளம் கிடையாது. வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து, 'சேமி', 'விலக்கு' தொடங்கி நான்கு வரிப் பிழைச் செய்தி வரை தமிழாக்குவோம். ஒன்பது பேர் சேர்ந்து ஆறு வருடமாக ஒரு சொற்பட்டியலை வளர்த்து வந்தோம். சுமார் 4,300 சொற்கள். முதல் நெடுவரிசையில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் தமிழ்ச் சொல், மூன்றாவதில் அந்தச் சொல்லை ஏன் எடுத்தோம் என்ற விவாதம். மூன்றாவதுதான் எங்கள் சொத்து. 'டிஃபால்ட்' (நாமாக மாற்றாதவரை தானாகவே இருக்கும் தேர்வு) என்பதற்கு 'இயல்புநிலை' போடுவதா, 'முன்னிருப்பு' போடுவதா என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. ஒருவர் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வரவே இல்லை. யார் என்ன சொன்னார், எதை ஒத்துக்கொண்டோம், எல்லாம் அங்கே பதிவாகியிருந்தது.

அந்த விரிதாள் ஒரு பெரிய நிறுவனத்தின் இணையச் சேமிப்பில், என் கணக்கில் இருந்தது. ஒரு நாள் காலை உள்ளே நுழைய முடியவில்லை. விதிமீறல் காரணமாகக் கணக்கு முடக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. எந்த விதி, எந்தக் கோப்பு, ஒன்றும் சொல்லவில்லை. மேல்முறையீட்டுப் படிவம் இருந்தது, நிரப்பி அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. பரிசீலித்தது மனிதரா, நிரலா? கேட்பதற்கு ஒரு தொலைபேசி எண் இல்லை. அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போட்டால், இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை யாரும் படிப்பதில்லை என்று திரும்பி வருகிறது. உரிமையாளர் என்று என் பெயர் இருந்ததால் மற்ற எட்டுப் பேருக்கும் விரிதாள் திறக்கவில்லை. அவர்கள் எந்த விதியையும் மீறியதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவர்களுடைய ஆறு வருட உழைப்பும் சேர்ந்து போனது.

இலவசமாக வாங்கிக்கொண்டு குறை சொல்லாதே என்று யாராவது வருவீர்கள். நான் கூடுதல் இடத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். காப்புப் பிரதி எடுக்காதது உன் தப்பு என்பீர்கள். ஆமாம், என் தப்புதான், எட்டுப் பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அதற்காகக் காரணம் சொல்லாமல் பூட்டியது சரியாகிவிடாது.

எங்களைக் காப்பாற்றியது கட்டற்ற மென்பொருள்தான். நாங்கள் மொழிபெயர்த்த வரிகள் அந்தந்த மென்பொருளின் மூலக்கோப்புகளில், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி பொதுவில் கிடந்தன. எங்களில் ஒருவர் சின்னதாக ஒரு நிரல் எழுதி ஆங்கில வரியையும் தமிழ் வரியையும் ஜோடி ஜோடியாக உருவினார். மூன்று வாரத்தில் முதல் இரண்டு நெடுவரிசைகளில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. மூன்றாவது திரும்பவில்லை. அது அந்த ஒரு விரிதாளைத் தவிர வேறெங்கும் இல்லை.

சரி, இதற்கும் தனியுரிமைக்கும் என்ன சம்பந்தம்? என் கோப்பைப் பார்த்தார்களா, நான் உள்நுழைந்த விதத்தைப் பார்த்தார்களா, தெரியாது. எதையோ பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். சாவி அவர்களிடம் இருக்கிறது, அதனால் படிக்கவும் முடிகிறது, பூட்டவும் முடிகிறது. முனைக்கு முனை மறையாக்கம் செய்யும் சேவையும், அதாவது திறக்கும் சாவியைப் பயனர்களிடமே விட்டுவிடும் சேவையும், கணக்கை முடக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருப்பதைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல அதனால் முடியாது. என்னிடம் மறைக்க என்ன இருந்தது? 'முன்னிருப்பு' பற்றிய சண்டைதான். மறைக்க எதுவும் இல்லாததால் எனக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைத்துவிடவில்லை.

நீங்கள் பயன்படுத்திய சிக்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் அமெரிக்காவில் ஒரு கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழு) விசாரணைக்காக, அப்போது அதை நடத்திய ஓப்பன் விஸ்பர் சிஸ்டம்ஸிடம் பயனர் விவரம் கேட்டார்கள். அவர்களால் கொடுக்க முடிந்தது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டும்தான். வேறு எதையும் சேர்த்து வைக்கவில்லை, அதனால் கொடுக்கவும் இல்லை. வாட்ஸ்அப்பும் அதே மறையாக்க நெறிமுறையைத்தானே பயன்படுத்துகிறது என்று கேட்பார்கள். உண்மைதான், 2016-இலிருந்து. செய்தியின் உள்ளடக்கம் மறையாக்கப்படுகிறது. யாரிடம், எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள் என்பது வேறு விஷயம், அதை அந்த மறையாக்கம் மறைப்பதில்லை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கை வந்தபோது என் உறவினர்களில் ஏழு பேர் சிக்னலுக்கு வந்தார்கள், இரண்டு பேர்தான் தங்கினார்கள். அதனால் நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். இதைச் சொன்னால் தூய்மைவாதிகள் கோபப்படுவார்கள், படட்டும்.

தனியுரிமைச் சேவை என்றால் மாயக் கம்பளம் இல்லை. மறையாக்க மின்னஞ்சல் சேவையான புரோட்டான்மெயில் 2021-இல் சுவிஸ் சட்ட உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஒரு போராட்டக்காரரின் ஐபி முகவரியை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பதிவு செய்து கொடுத்தது. கடிதங்களின் உள்ளடக்கத்தைக் கொடுக்க அவர்களிடம் வழி இல்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். இன்னொன்று, சாவி உங்களிடம் வந்துவிட்டால் தொலைப்பதும் நீங்கள்தான். கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் கீபாஸ்எக்ஸ்சியில் முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது. நான் காகிதத்தில் எழுதிப் பூட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் உங்களுக்குச் சலித்ததற்குக் காரணம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியதாக இருக்கலாம். ஃபயர்பாக்ஸில், விளம்பரங்களைத் தடுக்கும் நீட்சியான (உலாவியோடு சேர்க்கும் சிறு மென்பொருள்) யூபிளாக் ஆரிஜினைப் போட்டுக்கொண்டு அதோடு சில மாதம் இருங்கள். குரோம், நீட்சிகளுக்கான விதிகளை மாற்றி அந்த நீட்சியையே வெளியேற்றிவிட்டது. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளிடமிருந்து வருகிறதே என்பீர்கள். வருகிறது, எனக்கும் அது பிடிக்கவில்லை. முன்னிருப்புத் தேடுபொறியாக இருப்பதற்குக் கொடுக்கும் பணம் அது. ஆப்பிளின் சஃபாரியில் அந்த இடத்துக்காக 2022-இல் மட்டும் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. அமைப்புகளுக்குள் போய் முன்னிருப்பை மாற்றுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று தெரிந்துதான் அவ்வளவு பணம் கொடுக்கிறார்கள்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆண்ட்ராய்டில் புதிய விசைப்பலகை ஒன்றை இயக்கும்போது, நீங்கள் தட்டும் எல்லாவற்றையும், கடவுச்சொற்கள் உட்பட, இது சேகரிக்கக்கூடும் என்று எச்சரிக்கை வரும். படிக்காமல் 'சரி' அழுத்துகிறோம். செயலி எவ்வளவு மறையாக்கம் செய்தாலும் எழுத்து முதலில் விசைப்பலகை வழியாகத்தான் போகிறது. நான் ஹெலிபோர்டு என்ற கட்டற்ற விசைப்பலகையைப் பயன்படுத்துகிறேன், அது இணைய அனுமதியே கேட்பதில்லை. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் வசதி இல்லாததால் முதல் இரண்டு வாரம் கை தடுமாறியது.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. தமிழ் மெனுவை யார் பயன்படுத்துவார்கள் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள்தான். ஒரு சொல் சரியில்லை என்றால் திரைப்பிடிப்பு எடுத்துப் போட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சொல்லைத் திருத்தி அனுப்ப ஐந்து நிமிடம் போதும், அனுப்பியவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். எங்கள் ஒன்பது பேரில் இருவர் இந்தப் பேச்சைக் கேட்டே விலகிப் போனார்கள். விரிதாள் போனபோதுகூட அவர்கள் கூடவே இருந்து உழைத்தவர்கள்.

இப்போது பட்டியல் வெறும் உரைக்கோப்பாக, ஏழு பேர் கணினியிலும் இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுக் களஞ்சியத்திலும் இருக்கிறது. வாரம் ஒரு முறை எல்லோரும் ஒத்திசைக்கிறோம். மூன்றாவது நெடுவரிசையை நினைவிலிருந்து எழுத முயன்று, 600 சொற்களோடு நின்றிருக்கிறோம். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி, 'டிஃபால்ட்' என்பதற்கு ஏன் 'முன்னிருப்பு' எடுத்தீர்கள், 'இயல்புநிலை' தானே எளிது என்று கேட்டாள். இரண்டு நாள் சண்டை நடந்தது நினைவிருக்கிறது. கடைசியில் எந்தக் காரணத்துக்காக எல்லோரும் ஒத்துக்கொண்டோம் என்று எங்கள் ஏழு பேரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.