என் இடத்துக்கு வரும் மென்பொருளுக்கு நானே பாடம் எடுக்கிறேன்

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 36 வயது. ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங் வேலைக்கு வந்தவள். அமெரிக்க டாக்டர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்து, நோய்க்கு ஒரு கோடு (அதாவது குறியீடு), செய்த பரிசோதனைக்கு ஒரு கோடு என்று போட்டுக் கொடுப்போம். அதை வைத்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். எங்கள் குடும்பத்தில் படித்து கம்பெனி வேலைக்குப் போன முதல் பெண் நான். அப்பா விருத்தாசலம் பக்கம் விவசாயம் பார்க்கிறார். கணவருக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வீட்டுக் கடன் தவணை என் சம்பளத்தில்தான் போகிறது.

போன வருடம் எங்கள் ரேடியாலஜி டீமுக்கு ஏஐ மென்பொருள் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் சார்ட்டுகளுக்கு இப்போது அதுவே கோடு போட்டுவிடுகிறது. நாங்கள் சரிபார்க்க வேண்டும். தப்பு இருந்தால் திருத்தி, ஏன் திருத்தினோம் என்று காரணமும் எழுத வேண்டும். ஒருநாள் இருமலுக்காக மார்பு எக்ஸ்ரே எடுத்த ஒருவரின் சார்ட் வந்தது. ரிப்போர்ட்டில் 'நிமோனியாவாக இருக்கலாம்' என்று இருந்தது. மென்பொருள் நிமோனியா என்றே கோடு போட்டிருந்தது. புறநோயாளி சார்ட்டில் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று எழுதியதையெல்லாம் நோயாக எடுக்கக் கூடாது, இருமலுக்குத்தான் கோடு போட வேண்டும். மாற்றிவிட்டு, விதியையும் எழுதி வைத்தேன். என்னைப் போல நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். கொஞ்ச நாளில் அந்த மாதிரித் தப்பு வருவதே நின்றுபோய்விட்டது. 'சூப்பர், அக்யூரசி ஏறுது' என்று டீம் லீட் குரூப்பில் போட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அதற்குப் பிறகு டீமில் பாதிப் பேரை வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றினார்கள். சிலரைக் கூப்பிட்டு, 'நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு நல்லது' என்றார்கள். என் முறை எப்போது வரும் என்று தெரியவில்லை. என் கையாலேயே எனக்குக் குழி தோண்டுகிறேனோ என்று இருக்கிறது. தப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிடலாமா என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. இதுவரை விட்டதில்லை.

ராத்திரி படுத்தால் போன்தான். 'இந்த வேலையெல்லாம் இனி காலி' என்று ஒன்று மாற்றி ஒன்று வீடியோ வருகிறது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்த்தால் தூக்கம் போய்விடுகிறது. காலையில் மகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறேன். கணவரிடம் எதுவும் சொல்லவில்லை. வேலை எப்படிப் போகிறது என்று அவர் கேட்டால் 'நல்லாப் போகுது' என்கிறேன்.

இப்போது அப்பா வேறு. தங்கை விலங்கியல் முடித்துவிட்டாள். 'நீ படிச்ச கோடிங்கிலேயே இவளையும் சேர்த்துடலாம்மா, நீதான் நல்ல இடமாப் பார்த்துச் சொல்லணும்' என்கிறார். அவர் போன் வந்தாலே எடுக்கப் பயமாக இருக்கிறது. சேர்க்கச் சொன்னால் பொய். வேண்டாம் என்றால் காரணம் கேட்பார். நான் என்ன செய்யட்டும் மேடம்?

- பெயர் வேண்டாம், ஊரப்பாக்கம்

அன்புச் சகோதரிக்கு,

'உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள்' என்று நான் எழுதப் போவதில்லை. டீம் கரைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள். அந்த ஆறுதலை நீங்கள் நம்பவும் மாட்டீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு சுமைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, வேலை மாறிக்கொண்டிருப்பது. இன்னொன்று, அதை நீங்கள் தன்னந்தனியாகத் தூக்கிக்கொண்டு நடப்பது. முதலாவது முழுக்க உங்கள் கையில் இல்லை. இரண்டாவது இருக்கிறது. உங்கள் தூக்கத்தைத் தின்பதில் பெரும்பங்கு இரண்டாவதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

வேலை நிலைக்குமா என்ற பயத்தை உளவியலில் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1984-இல் கிரீன்ஹால், ரோசன்பிளாட் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்கு ஒரு வரையறை கொடுத்தார்கள். வேலைக்கு ஆபத்து இருக்கிறது என்பது மட்டும் அல்ல, அதைத் தடுக்க நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்ற கையறு நிலையும் சேர்ந்ததுதான் அந்தப் பயம் என்றார்கள். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளில், வேலை போய்விடுமோ என்று மாதக்கணக்கில் காத்திருப்பது, வேலை போவதற்குச் சமமாகவே மனதையும் உடம்பையும் பாதிக்கலாம் என்று தெரியவந்தது. என்னிடம் வருபவர்களிடமும் அதைப் பார்க்கிறேன். வேலை போனவருக்கு, கசப்பானதோ இல்லையோ, மறுநாள் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது. காத்திருப்பவருக்கு அதுவும் இல்லை. ஆகவே நீங்கள் பலவீனமானவர் என்று நினைக்க வேண்டாம். உடம்பு அதன் வேலையைச் செய்கிறது.

முதலில் அந்த ராத்திரி வீடியோக்கள். எதிர்காலத்தைத் தேதி போட்டுச் சொல்பவர்களை நம்பி யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் துறைக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜெஃப்ரி ஹின்டன், இன்றைய ஏஐக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் 2016-இல், ரேடியாலஜி டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். அந்த ஐந்து வருடம் தாண்டிப் பல வருடம் ஆகிவிட்டது, எக்ஸ்ரே பார்க்கும் மென்பொருள்கள் ஏராளமாக வந்துவிட்டன. ஆனாலும் நீங்கள் தினமும் படிக்கும் ரிப்போர்ட்டுகளை எழுதும் அந்த டாக்டர்களுக்கு அமெரிக்காவில் இன்றும் தட்டுப்பாடுதான். இயந்திரத்தை உருவாக்கியவருக்கே காலக்கணக்கு தப்பியது என்றால், வீடியோ போடுபவர் சொல்லும் கெடுவுக்கு என்ன மதிப்பு?

இதை வைத்து, கோடிங்கும் அப்படியே தப்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. டாக்டரின் வேலை பல வேலைகளின் தொகுப்பு. பொறுப்பும் அவர் தலையில்தான். ஒரே மாதிரியான எக்ஸ்ரே சார்ட்டுக்குக் கோடு போடுவது அதைவிடக் குறுகலான வேலை, முதலில் கை வைக்கப்படுவதும் அதுதான். உங்களுக்கு முந்தைய தலைமுறை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் அலுவலகத்திலேயே சிலர் இருக்கக்கூடும். டாக்டர் பேசுவதைக் கேட்டு டைப் செய்தவர்கள் அவர்கள். குரலை எழுத்தாக்கும் மென்பொருள் வந்ததும் டைப்பிங் போய், அது எழுதியதைத் திருத்துவது மட்டும் மிஞ்சியது. கூலி குறைந்தது, பலர் வெளியேறினார்கள், அதில் ஒரு பகுதியினர் கோடிங்குக்கு வந்து நிலைத்தார்கள். வலி இல்லாமல் நடந்ததில்லை. அவர்களிடம் பேசினால், எந்த வீடியோவிலும் கிடைக்காத தகவல் கிடைக்கும். உள்நோயாளி சார்ட், ஆபரேஷன் சார்ட், ஆடிட், இன்ஷூரன்ஸ் மறுத்த பில்லுக்கு மேல்முறையீடு என்று எந்தப் பக்கம் இன்னும் ஆள் தேவைப்படுகிறது என்பதும் உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். 2015 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்கா ஐசிடி-10 என்ற புதிய நோய்க் குறியீட்டுப் பட்டியலுக்கு மாறியபோது, சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் கோடுகள் ஒரே நாளில் 68,000 அளவுக்கு ஆயின. அந்தக் கடலை நீந்தியவர்கள்தான் உங்கள் வயதுக் கோடர்கள்.

அப்புறம், குழி தோண்டுவதாக எழுதியிருக்கிறீர்களே, அது. கடிதத்தில் என்னை அதிகம் பாதித்த இடம் அதுதான். கற்ற வித்தையைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்றியும் இல்லாமல் பலனும் இல்லாமல் நிற்கும்போது வரும் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்குக் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். இருமலோடு வந்தவர் பேரில் நிமோனியா என்று பதிவாவதை நீங்கள் தடுத்தீர்கள். அது அவருடைய மருத்துவப் பதிவு. நாளை இன்னொரு டாக்டர் படிக்கப் போவது. மென்பொருளை வாங்கியது, ஆட்களைக் குறைத்தது எல்லாம் வேறு யாரோ எடுத்த முடிவு. அந்த முடிவின் பாரத்தை உங்கள் திருத்தத்தின் மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள். தப்பைக் கண்டும் விட ஆரம்பித்தால் மென்பொருள் நிற்காது, உங்களுக்கு உங்கள் மேல் இருக்கும் மரியாதைதான் போகும். இத்தனை கோபத்திலும் நீங்கள் அதைச் செய்யவில்லை. அது சாதாரண விஷயம் இல்லை.

சம்பளம் போவது மட்டும்தானா உங்கள் பயம்? ஆஸ்திரியாவில் மரியென்தால் என்று ஓர் ஊர். 1929-30இல் அங்கிருந்த ஜவுளி ஆலை மூடப்பட்டு, ஊரே வேலையில்லாமல் நின்றது. மரி யஹோடா என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தெருவில் மக்கள் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். கை நிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துவிட்டது. ஆண்கள் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். வீட்டு வேலை மிச்சமிருந்த பெண்கள் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். வேலை என்பது கூலி மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே நாலு மனிதர்கள், பொதுவான ஒரு நோக்கம், நமக்கென்று ஓர் அடையாளம் எல்லாம் தருகிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினார். 'முதல் பெண் நான்' என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெருமை கம்பெனி ஐடி கார்டோடு ஒட்டியது என்று நினைப்பதால்தான், கார்டு போனால் தானும் இல்லை என்று தோன்றுகிறது. சொந்தக்காரர்கள் லேப் ரிப்போர்ட்டை உங்களுக்குத்தானே அனுப்பி விளக்கம் கேட்கிறார்கள்? அனுப்புவார்கள் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும். அதை யாரும் உங்களிடம் ராஜினாமா கேட்க முடியாது.

சரி, கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே. மகள் தூங்கிய பிறகு வேண்டாம், இருவருக்கும் களைப்பு இல்லாத நேரமாகப் பாருங்கள். 'என் வேலை பத்திப் பயமா இருக்கு, நீங்க கேட்டப்ப எல்லாம் நல்லாப் போகுதுன்னு சொன்னேன், நிஜம் அது இல்ல' என்று ஆரம்பித்தால் போதும். அவரும் தொழிற்சாலையில் வேலை செய்பவர், இயந்திரம் வந்து ஆள் குறைவது அவருக்குப் புதிய செய்தியாக இருக்காது. முதலில் கோபப்படக்கூடும், ஏன் மறைத்தாய் என்று. அந்தக் கோபம் அன்றைக்கே முடிந்துவிடும். பிறகு ஒரு தாளை எடுத்து, தவணை, பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு, கையிருப்பு என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். உங்கள் சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்று தெரியவரும். எண் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, தெரியாத பயத்தைவிட அது மேல். கம்பெனி மருத்துவக் காப்பீட்டை மட்டும் நம்பியிருந்தால், வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். கூப்பிட்டு ராஜினாமா கேட்டால் அந்த அறையிலேயே கையெழுத்துப் போட வேண்டாம். 'வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்' என்று எழுந்து வாருங்கள். ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து ஐந்து வருடம் முடித்திருந்தால், ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உங்கள் உரிமை.

அப்பாவின் போனை எடுங்கள். தங்கைக்குச் 'சேர்', 'சேராதே' என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 'நான் சேர்ந்த காலம் மாதிரி இல்லப்பா, புதுசா வர்றவங்களுக்குக் குடுக்குற சுலபமான சார்ட்டை எல்லாம் இப்ப மிஷினே செய்யுது, அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்' என்று நடப்பதை மட்டும் சொல்லுங்கள். இதில் பொய்யும் இல்லை, உங்கள் பயத்தை அவள் மேல் திணிப்பதும் இல்லை. தங்கையை ஊரப்பாக்கத்துக்கு வரவழைத்து, உங்களோடு வேலை செய்யும் இரண்டு பேரிடம் நேரடியாகப் பேசவிடுங்கள். நூறு சதவீதம் வேலை உத்தரவாதம் என்று போர்டு வைத்திருக்கும் பயிற்சி நிலையத்துக்குப் போனால், போன பேட்ச் மாணவர்களின் போன் நம்பரைக் கேட்கச் சொல்லுங்கள். கொடுக்கத் தயங்கினால் திரும்பி வந்துவிடலாம். முடிவை அவளே எடுக்கட்டும், அவளுக்கு நீங்கள் கொடுக்க முடிந்தது உண்மையான தகவல்.

மகளிடம் எரிந்து விழுவது உங்கள் தூக்கம் சரியானால் தானாகக் குறையும். போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். வேலை பற்றிய செய்தி, வேலை தேடல் எல்லாம் பகலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நேரம் ஒதுக்கி அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி அந்த நினைப்பு வந்தால் ஒரு நோட்டில் எழுதி மூடிவிட்டு, மறுநாள் அந்த நேரத்தில் எடுத்துப் பாருங்கள். இப்படியெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், நெஞ்சு படபடத்து, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண். எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.